அந்த சொதப்பலை ஏன்மா ரெஸ்யூமேல எழுதல?

ஒரு காலேஜ் பொண்ணுகிட்ட நான் கேட்ட கேள்வி அது, அவ கதைக்கு அப்புறம் வர்றேன். முதல்ல என் சொதப்பல். சாஃப்ட்வேர் வேலைக்குச் சேர்ந்து மூணாவது வருஷம். ஒரே ஒரு கஸ்டமரோட அட்ரஸ் தப்பா இருக்கு, மாத்தி விடுங்கன்னு டிக்கெட் வந்துச்சு. ரெண்டு நிமிஷ வேலை. அப்டேட் கமாண்ட் அடிச்சேன், என்டர் தட்டினேன். வழக்கமா '1 ரோ அஃபெக்டட்'னு வரணும், வந்தது 18,000 சொச்சம். எந்த ஆளோட ரெக்கார்டை மாத்தணும்னு சொல்ற 'வேர்' (WHERE) கண்டிஷன் போடாமலேயே ஓட்டிட்டேன், அதுவும் டெஸ்ட் டேட்டாபேஸ்ல இல்ல, லைவ்ல. இப்போ 18,000 பேரும் ஒரே வீட்ல குடியிருக்காங்க.

காது அடைச்சுக்கிச்சு. பக்கத்து சீட்ல யாரும் கவனிக்கல. ஒரு பத்து செகண்ட், 'சொல்லாம விட்டுட்டா என்ன ஆகும்'னு யோசிச்சேன். இதை இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல, இப்பதான் எழுதறேன். அப்புறம் எழுந்து மேனேஜர்கிட்ட போய் "சார், ஒண்ணு பண்ணிட்டேன்"னு ஆரம்பிச்சேன். அவரு நடுவுல குறுக்கிடவே இல்ல, முழுசா கேட்டாரு. கேட்டு முடிச்சதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கடைசி பேக்கப் எத்தன மணிக்கு எடுத்தது?" அவ்ளோதான். கண்ணு எங்க இருந்துச்சு, கவனம் எங்க போச்சு, அதெல்லாம் ஒண்ணும் இல்ல. ரெண்டு பேரும் உக்காந்து பேக்கப்ல இருந்து அந்த ஒரு டேபிளை, கஸ்டமர் பட்டியலை மட்டும் மீட்டோம், காலைலேர்ந்து மாறியிருந்த சில நூறு ரெக்கார்டை லாக் பாத்து கையால சரி பண்ணோம், ராத்திரி பதினொண்ணு ஆச்சு.

வீட்டுக்குப் போய் பழைய ரெஸ்யூமே ஃபைலைத் தேடி எடுத்து வெச்சுக்கிட்டேன், நாளைக்கு வேலை இருக்காதுன்னு அவ்ளோ உறுதியா இருந்தேன்.

மறுநாள் காலைல மீட்டிங். போர்டுல 'என்ன நடந்துச்சு'ன்னு மட்டும் எழுதினாரு, என் பேரை எழுதல. ஒவ்வொருத்தரா பேசப் பேசத்தான் தெரிஞ்சுது, டெஸ்ட் விண்டோவும் லைவ் விண்டோவும் பாக்கறதுக்கு அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கு, எங்க டீம்ல இன்னும் மூணு பேர் இதே தப்பை நூலிழைல தப்பிச்சிருக்காங்க, யாருமே வெளில சொல்லல. அன்னைக்கே லைவ் விண்டோ பின்னணியை சிவப்பாக்கினோம், நேரடியா எழுதற பர்மிஷனை ரெண்டு பேருக்கு மட்டும் வெச்சு மத்தவங்களுக்கு எடுத்தோம், எது ஓட்டினாலும் டிரான்சாக்‌ஷனுக்குள்ள ஓட்டி, எத்தன ரோ மாறுதுன்னு பாத்துட்டுத்தான் கமிட் பண்ணணும், அதாவது நிரந்தரமாக்கணும்னு வெச்சோம். ஒரு மணி நேரத்துல முடிஞ்சுது. அதுக்கு அப்புறம் அந்த டீம்ல நான் இருந்த காலத்துல இந்த வகைத் தப்பு திரும்ப நடக்கல. இன்னொண்ணும் நடந்துச்சு, அப்ப எனக்கு அது புரியல: அதுக்கப்புறம் நான் தைரியமா வேலை செய்ய ஆரம்பிச்சேன். யாரும் தொட பயப்படற பழைய புரோகிராம் கோடு ஒண்ணு கிடந்துச்சு, 'நான் எடுக்கறேன் சார்'னு கை தூக்கினேன். விழுந்தா எலும்பு உடையாதுன்னு தெரிஞ்சவனுக்குத்தானே மரம் ஏறத் தோணும்.

அடுத்து போன கம்பெனி நேர் எதிர். வரவேற்பறைல இருந்து கேன்டீன் வரைக்கும் 'ரிஸ்க் எடு', 'புதுசா யோசி'ன்னு போஸ்டர். ஆனா அப்ரைசல் நேரத்துல, பத்து மாசத்துக்கு முன்னாடி நடந்த ஒரு சின்ன ரிலீஸ் பிரச்சனைய எடுத்து மேல வெச்சு ரேட்டிங்கைக் குறைப்பாங்க. பதினோரு மாசம் எதுவுமே புதுசா செய்யாம உக்காந்திருந்தவனுக்கு நல்ல ரேட்டிங். ஜனங்க முட்டாள் இல்லையே, போஸ்டரைப் படிக்க மாட்டாங்க, ரேட்டிங்கைத்தான் படிப்பாங்க. ஆறு மாசத்துல நானும் மாறிட்டேன். ஒரு பட்டனோட இடத்தை மாத்தறதுக்குக்கூட ஆறு பேரை சிசில போட்டு மெயில் அனுப்பி, ஆறு பேரும் 'ஓகே'ன்னு சொன்னதை ஃபோல்டர்ல பத்திரமா எடுத்து வெச்சேன். வேலை செய்யறதை விட, பின்னாடி யாராவது கேட்டா காட்டறதுக்கு ஆதாரம் சேக்கறதுதான் வேலையா போச்சு.

'ஆழம் தெரியாம காலை விடாதே'ன்னு சொல்லித்தான் நம்மள வளர்த்திருக்காங்க. தப்பான பழமொழி இல்ல அது. ஆனா ஆழம் எப்படித் தெரியும்? கரைல நின்னு பாத்துக்கிட்டே இருந்தா தெரியாது, ஒரு குச்சியை விட்டுப் பாக்கணும். ரிஸ்க் எடுன்னு டீமை உசுப்பேத்தறவங்க எல்லாம் குதின்னுதான் சொல்றாங்க, கைல குச்சிய யாரும் கொடுக்கறதில்ல.

அப்புறம் நானே டீம் லீட் ஆனேன். முதல் வருஷம் எனக்கு ரொம்ப பெருமை, ஏன்னா எங்க டீம்ல பதிவான இன்சிடென்ட், அதாவது சொதப்பல் சம்பவம், பூஜ்யம். மாசாந்திர ரிப்போர்ட்ல பக்கத்து டீமெல்லாம் நாலு, ஏழுன்னு காட்டும், நாங்க பூஜ்யம். ஒரு நாள் பக்கத்து டீம் அக்கா ஒருத்தங்க, சர்வீஸ்ல என்னை விட பத்து வருஷம் சீனியர், சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க, "பூஜ்யமா? உன் பசங்க ஒண்ணும் பண்றதில்லையா, இல்ல ஒண்ணும் சொல்றதில்லையா?" எரிச்சலா இருந்துச்சு.

அவங்கதான் ஹார்வர்ட் பேராசிரியர் எமி எட்மண்ட்சன் பத்தி சொன்னாங்க. 1990கள்ல ஆஸ்பத்திரி வார்டுகள்ல மருந்து கொடுக்கறதுல நடக்கற தப்புகளை ஆராய்ச்சி பண்ணினவங்க. நல்ல டீம்ல தப்பு கம்மியா இருக்கும்னு எதிர்பார்த்துதான் போயிருக்காங்க. கணக்கு தலைகீழா வந்துச்சு, நல்லா நடக்கற டீம்லதான் பதிவான தப்பு அதிகம். தோண்டிப் பாத்தா, அவங்க அதிகமா தப்பு பண்ணல, அதிகமா வெளில சொல்லியிருக்காங்க. அந்த நூல் பிடிச்சுப் போய்தான் 1999ல, ஒரு தயாரிப்பு கம்பெனியோட 51 டீமை வெச்சு, தப்பைச் சொன்னா தலை போகாதுங்கற நம்பிக்கை இருக்கற டீம் தான் வேகமா கத்துக்குதுன்னு எழுதினாங்க. இதைக் கேட்ட அன்னைக்கு என் பூஜ்யம் எனக்கே அசிங்கமா தெரிஞ்சுது.

யோசிச்சுப் பாத்தா காரணம் நான்தான். ஒரு சம்பவம் நல்லா ஞாபகம் இருக்கு. சேர்ந்து நாலு மாசமான ஜூனியர் தம்பி ஒருத்தன், காலைல டீமா கூடி சுருக்கமா பேசற ஸ்டாண்டப் மீட்டிங்ல, "அண்ணா, ராத்திரி ஓடற அந்த ரிப்போர்ட்டை மொத்தமா ஓட்டாம மாறினதை மட்டும் ஓட்டினா நேரம் மிச்சமாகும்ல?"ன்னு கேட்டான். நான் லேப்டாப்ல இருந்து தலையை தூக்காமலேயே "அதெல்லாம் முன்னாடியே யோசிச்சிருப்பாங்கப்பா"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளைப் பாத்தேன். திட்டல, கோவப்படல, சத்தம் போடல. அடுத்த ஆறு மாசம் அந்தப் பையன் ஸ்டாண்டப்ல 'நேத்து இது பண்ணேன், இன்னைக்கு இது பண்ணப் போறேன்' தவிர வாய் திறக்கல. பின்னால நானே அந்த ரிப்போர்ட்டைப் பாத்தப்ப, யாருமே முன்னாடி யோசிச்சிருக்கல. அவன் சொன்னதைத்தான் செஞ்சோம், மூணு மணி நேரம் ஓடினது இருபது நிமிஷத்துல முடிஞ்சுது. அவன்கிட்ட போய் சாரி சொன்னேன், "பரவால்லண்ணா, நான் மறந்தே போயிட்டேன்"னான். மறக்கலன்னு ரெண்டு பேருக்கும் தெரியும்.

அதுக்கப்புறம் நான் மாத்தினதுல பெருசா ஒண்ணும் இல்ல. வாராந்திர மீட்டிங் ஆரம்பிக்கும்போது அந்த வாரம் நான் என்ன சொதப்பினேன்னு முதல்ல நான் சொல்ல ஆரம்பிச்சேன். முதல் மூணு வாரம் யாரும் எதுவும் சொல்லல, எல்லாரும் என்னையும் டேபிளையும் மாறி மாறி பாத்தாங்க, ரொம்ப கேவலமா இருந்துச்சு, விட்டுடலாமான்னுகூட தோணுச்சு. நாலாவது வாரம் டெஸ்டிங் பாக்கற பொண்ணு ஒருத்தி, ஒரு டெஸ்ட் கேஸை ஓட்டாமலேயே பாஸ்னு போட்டுட்டதா சொன்னா. ரூமே என் முகத்தைத்தான் பாத்துச்சு. இந்த இடம்தான் எல்லாமே. அந்த அஞ்சு செகண்ட்ல என் புருவம் கொஞ்சம் ஏறியிருந்தாலும் மூணு வாரம் பட்ட பாடு வீண். "சரி, இப்ப ஓட்டிப் பாத்துட்டீங்களா? எதனால விட்டுப் போச்சு?"ன்னு மட்டும் கேட்டேன். ரிலீஸுக்கு முந்தின நாள் நூத்திப் பத்து கேஸ் அவ தலைல கட்டியிருக்கோம், அதான் காரணம். பிளான் போட்ட என் தப்பு அது.

இன்னொண்ணு, யாராவது புது ஐடியா கொண்டு வந்தா 'நல்லா இருக்கா இல்லையா'ன்னு தீர்ப்பு சொல்றதை நிறுத்திட்டேன். ரெண்டே கேள்வி. இது புட்டுக்கிட்டா எவ்ளோ போகும்? திரும்பி வர வழி இருக்கா? அமேசானோட ஜெஃப் பெசோஸ் 2015ம் வருஷத்து பங்குதாரர் கடிதத்துல இதைத்தான் கதவு கணக்கா சொல்லியிருப்பாரு, உள்ள போய்ட்டு பிடிக்கலன்னா திரும்பி வரக்கூடிய கதவு ஒண்ணு, ஒரு வழியா மட்டும் போற கதவு ஒண்ணு. பெரிய கம்பெனிங்க முதல் வகை முடிவுக்கும் ரெண்டாவது வகைக்குப் பண்ற அத்தனை பூஜையும் பண்ணித்தான் மெதுவாகிப் போறாங்கன்னு. என் ஆறு பேர் சிசி மெயில் ஞாபகம் வந்துச்சு. திரும்பி வர வழி இருந்தா என்கிட்ட கேக்கவே வேணாம், பண்ணிட்டு சொல்லுங்கன்னு விட்டேன். வழி இல்லன்னா, வழி இருக்கற மாதிரி எப்படி சின்னதாக்கறதுன்னு சேர்ந்து உக்காந்து யோசிச்சோம், நூத்துல ஒரு யூசருக்கு மட்டும் திறந்து விடு, ரெண்டு நாள்தான் டைம், இந்த நம்பர் இதுக்குக் கீழ வந்தா கேள்வி கேக்காம மூடிடுன்னு முன்னாடியே எழுதி வை. இந்தக் கடைசி விஷயம் ரொம்ப முக்கியம், ஆரம்பிச்சதுக்கு அப்புறம் எங்க நிறுத்தறதுன்னு முடிவு பண்ண உக்காந்தா யாருக்கும் மனசு வராது.

அதுக்காக எல்லாத்துலயும் விளையாடலாம்னு அர்த்தம் இல்ல. சம்பளம் போடற சாஃப்ட்வேர், நோயாளியோட டேட்டா, அங்கெல்லாம் என் டீமுக்கு நான் சொன்னது ஒரே வார்த்தை, கை வைக்காத. அப்புறம், முயற்சி பண்ணி தோத்ததும் அசட்டையா இருந்து தோத்ததும் ஒண்ணு இல்ல, ரெண்டையும் ஒரே மாதிரி தட்டிக்கொடுத்தா ஒழுங்கா வேலை செய்யறவனுக்கு வெறுத்துப் போயிடும். விமானத்துறைல இதை ரொம்ப நாளைக்கு முன்னாடியே அழகா பண்ணி வெச்சிருக்காங்க. அமெரிக்காவுல 1976லேர்ந்து நாசா நடத்தற ஒரு ரிப்போர்ட்டிங் முறை இருக்கு, பைலட்டோ கண்ட்ரோலரோ தெரியாம விதியை மீறிட்டா பத்து நாளைக்குள்ள எழுதி அனுப்பிட்டா தண்டனைல இருந்து விலக்கு உண்டு. ஆனா வேணும்னே பண்ணினதுக்கும் குற்றத்துக்கும் விபத்துக்கும் அந்த விலக்கு கிடையாது. எல்லைக்கோடு எங்க இருக்குன்னு எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும், அதனாலதான் வேலை செய்யுது.

சாஃப்ட்வேர் பசங்களுக்கு நான் எப்பவும் சொல்ற கதை கிட்லேப், புரோகிராம் கோடை சேமிச்சு வைக்கற ஒரு ஆன்லைன் சர்வீஸ். 2017 ஜனவரி 31ம் தேதி, ராத்திரி வரைக்கும் போராடிக்கிட்டிருந்த ஒரு இன்ஜினியர், ரெண்டாம் சர்வர்னு நெனச்சு மெயின் சர்வர்ல டேட்டா ஃபோல்டரை அழிச்சிட்டாரு. கை எடுக்கறதுக்குள்ள கிட்டத்தட்ட 300 ஜிபில 4.5 ஜிபிதான் மிச்சம். பேக்கப்புக்குன்னு அஞ்சு வகை ஏற்பாடு வெச்சிருந்தாங்க, ஒண்ணும் ஒழுங்கா ஓடல, ஓடலன்னு சொல்ற மெயில்கூட யாருக்கும் போய்ச் சேரல. அதே இன்ஜினியர் வேற வேலைக்காக ஆறு மணி நேரம் முன்னாடி எடுத்து வெச்ச காப்பிதான் காப்பாத்துச்சு. அவங்க மறைக்கல, மீட்கற வேலையை யூடியூப்ல லைவா ஓட்டினாங்க, என்ன ஆச்சுன்னு விலாவாரியா எழுதிப் போட்டாங்க. படிச்சப்ப எனக்கு என் 18,000 வீட்டுக்காரங்கதான் ஞாபகம் வந்தாங்க.

இப்ப காலேஜ் கதைக்கு வர்றேன், இதை எழுத உக்காந்ததே அதுக்காகத்தான். சில வருஷமா லீவு நாள்ல கடைசி வருஷ பசங்களுக்கு மாக் இண்டர்வியூ, அதாவது ஒத்திகை இண்டர்வியூ எடுக்கப் போறேன். முதல் தடவை போனப்ப கைல நாப்பது ரெஸ்யூமே கொடுத்தாங்க. பேரையும் போன் நம்பரையும் மறைச்சுட்டா எது யாருதுன்னு பெத்தவங்களுக்கே தெரியாது. 'கடின உழைப்பாளி, விரைவில் கற்றுக்கொள்பவர், குழுவாக வேலை செய்பவர்.' முக்கால்வாசி பேர் பிராஜெக்ட் லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம். மிச்சப் பேர் ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட் சிஸ்டம்.

அதுல ஒரு பொண்ணு. ரெஸ்யூமேல ஒரே வரி, 'ஃபேஸ் ரெகக்னிஷன் மற்றும் கியூஆர் கோடு மூலம் அட்டெண்டன்ஸ் சிஸ்டம் உருவாக்கினேன்'. ரெண்டும் எதுக்கு, ஒண்ணு போதாதான்னு சும்மா கேட்டேன். கொஞ்சம் தயங்கிட்டு "இல்ல சார், முதல்ல ஃபேஸ் மட்டும்தான் பண்ணேன்"னா. அப்புறம்? "அது சரியா வரல சார்." எங்க சரியா வரல? "லேப்ல ஜன்னல் பக்கம் முதுகு காட்டி உக்கார்றவங்க முகம் இருட்டா விழுந்துச்சு, முப்பது பேர்ல பதினோரு பேரை எடுக்கல." எப்படித் தெரியும்? "ரெண்டு வாரம் பேப்பர் ரெஜிஸ்டரையும் சேர்த்து எடுத்து ஒத்துப் பாத்தேன் சார்." நான் நிமிர்ந்து உக்காந்தேன். அதுக்கப்புறம் கியூஆருக்கு மாத்தியிருக்கா. மூணே நாள்ல ஒருத்தன் கியூஆரை போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போட, ஹாஸ்டல்ல படுத்துக்கிட்டே பாதி கிளாஸ் பிரசென்ட். உடனே பத்து செகண்டுக்கு ஒரு தடவை மாறற கியூஆரா ஆக்கியிருக்கா. அப்பவும் வீடியோ கால்ல காட்டிப் போட்டிருக்காங்க, அதுக்கு லேப் வைஃபைல இருந்தாதான் ஏத்துக்கும்னு வெச்சிருக்கா.

"இதை ஏன்மா எழுதல?"

"அது சொதப்பல் சார். சொதப்பினதைப் போய் எப்படி சார் எழுதறது?"

அந்தப் பொண்ணை எதுவும் சொல்ல முடியல. பதினஞ்சு வருஷம் படிப்புல தப்பு விடைக்குப் பக்கத்துல சிவப்புல சுழிச்சுத்தான் பாத்திருக்கா. அடிச்சுத் திருத்தினா மார்க் போகும்னு சுத்தமா எழுதப் பழகியிருக்கா. வைவால, அதான் வாய்மொழித் தேர்வுல, 'எல்லாம் வேலை செய்யுது'ன்னு சொன்னாதான் மார்க். அப்படி வளர்ந்த புள்ளையை நேரா ஆபீஸ்ல உக்கார வெச்சு ரிஸ்க் எடு, தப்பு பண்ணா பரவால்லன்னா அது எப்படி எடுக்கும்? ஆறு பேரை சிசில போட்டு மெயில்தான் அனுப்பும்.

அன்னைக்கு அந்த ஒரு வரியை எடுத்துட்டு ரெண்டு பேரும் உக்காந்து மாத்தினோம். 'அட்டெண்டன்ஸ் சிஸ்டம்: ஃபேஸ் ரெகக்னிஷன் 30ல 11 பேரைத் தவற விட்டது, பேப்பர் ரெஜிஸ்டரோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்தேன். காரணம் பின்னாலிருந்து வரும் வெளிச்சம். கியூஆருக்கு மாற்றினேன், ப்ராக்ஸி நடந்தது, 10 செகண்டில் மாறும் கோடும் வைஃபை சோதனையும் சேர்த்து நிறுத்தினேன்.' படிச்சுப் பாத்துட்டு "இது நானா சார்?"னு கேட்டா. புதுசா ஒரு வார்த்தை நான் சேக்கல, எல்லாம் அவ சொன்னதுதான். இண்டர்வியூ எடுக்கறவன் பக்கத்துல இருந்து சொல்றேன், இந்த வரியைப் பாத்தா எனக்கு கேக்க எட்டு கேள்வி கிடைக்கும், எட்டுக்கும் அவகிட்ட பதில் இருக்கும். லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்னு எழுதினா நான் என்ன கேப்பேன், எந்த டேட்டாபேஸ்னு கேப்பேன், முடிஞ்சுது.

இங்க பசங்களுக்கு ஒரு ஆறுதலும் இருக்கு. ஆள் எடுக்கறதுல எது உண்மைலயே வேலைத்திறமையைக் காட்டுதுன்னு 1998ல ஷ்மிட், ஹன்ட்டர்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் 85 வருஷ ஆராய்ச்சியைத் தொகுத்துப் பாத்தாங்க. அந்த வேலையையே கொஞ்சம் செஞ்சு காட்டச் சொல்ற டெஸ்ட் அதுல மேல நின்னுச்சு, எத்தன வருஷ அனுபவம்ங்கறது ரொம்ப கீழ. 2022ல சாக்கெட்ங்கற ஆராய்ச்சியாளரோட குழு அந்தக் கணக்கைத் திருத்திப் போட்டப்ப நிறைய நம்பர் இறங்குச்சு, எல்லாருக்கும் ஒரே கேள்வியைத் திட்டம் போட்டுக் கேக்கற இண்டர்வியூ முதலுக்கு வந்துச்சு, ஆனா வருஷக்கணக்கு அனுபவம் மட்டும் இன்னும் கீழதான் போச்சு. எக்ஸ்பீரியன்ஸ் இல்லயேன்னு புலம்பற பையன்கிட்ட நான் இதைச் சொல்வேன், ஆனா கூடவே சொல்வேன், எல்லா கம்பெனியும் ஆராய்ச்சி படிச்சுட்டு ஆள் எடுக்கறதில்லப்பா.

பசங்களை நான் பண்ணச் சொல்றது இதுதான். பிராஜெக்ட் நடக்கும்போதே ஒரு நோட் வை, போன்ல இருந்தாலும் போதும். வாரத்துக்கு பத்து வரி. இந்த தேதி, இதை முடிவு பண்ணேன், இதனால பண்ணேன், இப்படி ஆச்சு. முடிஞ்சதுக்கு அப்புறம் எழுத உக்காந்தா ஒண்ணும் ஞாபகம் வராது, வந்தாலும் எல்லாம் முதல்லயே தெரிஞ்ச மாதிரி மூளை மாத்தி வெச்சிருக்கும். கோடு சேமிக்கற கிட்ஹப் தளத்துல கடைசி நாள் மொத்தமா ஒரே கமிட்டா, ஒரே பதிவா கொண்டு போய்த் தள்ளாத, தினம் தினம் போடு. அசிங்கமா இருந்தா இருக்கட்டும், 'நேத்து பண்ணது தப்பு, திரும்ப எடுக்கறேன்'னு ஒரு கமிட் மெசேஜ் பாத்தேன்னா எனக்கு அவ்ளோ சந்தோஷமா இருக்கும். பிராஜெக்டோட அறிமுகப் பக்கமான ரீட்மீல 'இன்னும் வேலை செய்யாதது'ன்னு ஒரு பகுதி வை. டீம் பிராஜெக்ட்னா 'நாங்க' எங்க முடியுது 'நான்' எங்க ஆரம்பிக்குதுன்னு தெளிவா சொல்லு, இண்டர்வியூல பாதி பேர் மாட்டறது அங்கதான். எல்லாத்துக்கும் மேல, உன் ஃப்ரெண்ட் இல்லாத ஒரு அஞ்சு பேர்கிட்ட கொடுத்து ஓட்டிப் பாக்கச் சொல்லிட்டு வாயை மூடிட்டுப் பக்கத்துல நில்லு. எங்க முழிக்கிறாங்கன்னு எழுதிக்கோ. அந்த ஒரு பக்கம் உன் சர்டிபிகேட் அத்தனையையும் விட கனம்.

புரோகிராம் எழுதாத பசங்களுக்கும் இதேதான். கல்லூரி விழாவுக்குக் கணக்கு பாத்த பி.காம் பையன் ஒருத்தன், ரெண்டு லிஸ்ட் ஒத்துப் போகாம இருந்ததை எக்ஸெல்ல எப்படிப் பிடிச்சான், எந்த இடத்துல ரெண்டு தடவை என்ட்ரி விழுந்துச்சுன்னு சொன்னான். ரெஸ்யூமேல 'எம்எஸ் ஆபீஸ் தெரியும்'னு இருந்துச்சு.

காலேஜ்ல ஒரு மேடம் இதைக் கேட்டுட்டு, ஃபைனல் பிராஜெக்ட்ல நூத்துக்கு பத்து மார்க் 'எது வேலை செய்யல, என்ன பண்ணேன்'ங்கற பக்கத்துக்குன்னு வெச்சாங்க. நாங்க ரெண்டு பேரும் ரொம்ப சந்தோஷமா காத்திருந்தோம். வந்தது என்னன்னா, எல்லாரும் தோல்வியை இட்டுக்கட்டி எழுதியிருந்தாங்க! 'நேர மேலாண்மை கடினமாக இருந்தது, பின்னர் கற்றுக்கொண்டோம்', இருபத்திரெண்டு ரிப்போர்ட்ல இதே வரி, ஒரே எழுத்துப்பிழையோட. மார்க் எங்க இருக்கோ அங்க பசங்க இருப்பாங்க, அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல. அடுத்த பேட்ச்ல மேடம் ஆதாரம் கேட்டாங்க, எரர் வந்த ஸ்கிரீன்ஷாட், தேதி, அதுக்கு முன்னாடி இருந்த வெர்ஷன். அதோட முதல் கிளாஸ்லயே அவங்க தன்னோட சொந்த ஆராய்ச்சில எட்டு மாசம் வீணாப் போன கதையை போர்டுல வரைஞ்சு காட்டியிருக்காங்க. அந்த பேட்ச் ரிப்போர்ட்டுங்க படிக்கறதுக்கே வேற மாதிரி இருந்துச்சு.

இது எல்லாருக்கும் எல்லா இடத்துலயும் வேலை செய்யும்னு சொல்லிட்டுப் போனா நான் பொய் சொல்றேன். போன மாசம் ஒரு பையன் ராத்திரி மெசேஜ் பண்ணான், கோவமா. நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே இண்டர்வியூல சொதப்பின கதையைச் சொல்லியிருக்கான், எதிர்ல இருந்தவர் பக்கத்து ஆளைப் பாத்து சிரிச்சுட்டு, "அப்ப எதுவும் ஒழுங்கா வரலன்னு சொல்லுங்க"ன்னு கேட்டிருக்காரு. ரிஜெக்ட். 'நீங்க சொன்னதாலதான் சார்'னு எழுதியிருந்தான். அந்த மாதிரி கம்பெனில சேராம போனது நல்லதுன்னு ஒரு பதில் டைப் பண்ணேன், அழிச்சேன். வேலை தேடி அலையறவன்கிட்ட சொல்ற வார்த்தையா அது.

போன் போட்டேன். என்ன சொன்ன, அப்படியே திருப்பிச் சொல்லுப்பான்னேன். சொன்னான், நாலரை நிமிஷம். அதுல நாலு நிமிஷம் எப்படியெல்லாம் உடைஞ்சுதுன்னு, அரை நிமிஷம் எப்படி சரி பண்ணான்னு, அது வர்றதுக்குள்ள கேக்கறவருக்குப் பொறுமை போயிருக்கும். நாங்க பழகினப்பவும் அவன் இப்படித்தான் சொன்னான், நான்தான் உற்சாகத்துல கவனிக்காம விட்டுட்டேன், இது என் கணக்குல எழுத வேண்டியது. இப்ப திருப்பிப் போட்டிருக்கோம். முதல் வரில கடைசில என்ன ஓடிச்சுன்னு சொல்லிடணும், அப்புறம் எது புட்டுக்கிச்சு, எப்படி கண்டுபிடிச்சான், என்ன மாத்தினான், எல்லாம் சேர்த்து ஒண்ணரை நிமிஷம். கேக்கறவர் முகத்துல ஆர்வம் இல்லன்னா அங்கயே நிறுத்திட்டு அடுத்த கேள்விக்குப் போயிடணும்.

நேத்து மூணாவது தடவை சொல்லிப் பாத்தான், ஒரு நிமிஷம் நாப்பது செகண்ட். "இன்னும் பத்து செகண்ட் குறைக்கணும்ல சார்?"னு அவனே கேட்டான். வியாழக்கிழமை அவனுக்கு அடுத்த இண்டர்வியூ.